கடலூர்ப் பாக்கெட்டும் கோட்லர் புத்தகமும்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் போன் செய்து, "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு வேணும்டா. கல்லூரி வரலாறு வேணாம், அதை எழுத ஆள் இருக்கு" என்றான். மெக்கானிக்கல் படித்தவனிடம் போய் வரலாறு கேட்டால் என்ன செய்வது? ராஜராஜன் காலமெல்லாம் எனக்குச் சரிப்படாது. எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான்: ஷாம்பு பாக்கெட்டின் வரலாறு. "அதுக்கென்னடா வரலாறு?" என்று சிரித்தான். இருக்கிறது. அதில் பாதியை ஏகப்பட்ட லட்சம் கடன் வாங்கி பிஸினஸ் ஸ்கூலில் படித்தேன். மீதிப் பாதி எங்கள் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கடை கடலூர் முதுநகரில், பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு கடை தள்ளி. அப்பா 1985-ல் ஆரம்பித்தது. பலகையில் அம்மன் பெயரோடு 'ஸ்டோர்ஸ்' என்று போட்டிருந்தாலும் ஊர் வாயில் அது பெட்டிக்கடைதான். முன்னால் கட்டிய கயிற்றில் ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள், தேங்காய் எண்ணெய் எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சரத்தை விலக்கித்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சரங்களைக் கத்தரிப்பது என் வேலை. புள்ளியிட்ட கோட்டில் நேராகக் கத்தரிக்கவில்லை என்றால் பாக்கெட் ஒழுகும், அப்பா திட்டுவார். பிற்காலத்தில் நான் பார்க்கப்போகும் உத்தியோகத்துக்கு அதுதான் முதல் பயிற்சி என்று அப்போது தெரியாது.

2006-ல் நம் கல்லூரியில் சேர்ந்தேன். 2010-ல் வெளியே வந்து, பாக்கெட் போடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இரண்டு வருஷம். பிறகு 2012-ல், கூடப் படித்தவர்கள் எல்லாம் போகிறார்களே என்று நானும் ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, வடக்கே ஒரு பிஸினஸ் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சொல்லப்போகும் கதையில் அவர்கள் மேல் தப்பு எதுவும் இல்லை, தப்பெல்லாம் என்னுடையது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காக அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே பாடம் நடத்துவது என்பது கிடையாது. 'கேஸ்' நடத்துவார்கள். ஏதோ ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலை இருபது பக்கத்தில் எழுதி முந்தின நாளே கொடுத்துவிடுவார்கள். மறுநாள் வகுப்பில் நாம் பேச வேண்டும். மேஜையில் நம் பெயர் எழுதிய அட்டை இருக்கும், வாத்தியார் அதைப் பார்த்துத் திடீரென்று கூப்பிடுவார். பேசினால் மதிப்பெண். பேசுவதற்கு விஷயம் இல்லாதவனும் பேசுவான். ராத்திரி இரண்டு மணிக்குக் குழுவாக உட்கார்ந்து, கேன்டீன் மேகியைத் தின்றுகொண்டே, ஊர் பேர் தெரியாத அமெரிக்கக் கம்பெனியின் நஷ்டத்துக்குப் பரிகாரம் தேடுவோம். சும்மா சொல்லக்கூடாது, ஜாலியாகத்தான் இருந்தது.

இந்த முறை ஹார்வர்டில் பிறந்தது. அங்கே பிஸினஸ் ஸ்கூல் தொடங்கியது 1908-ல். சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்து, வியாபாரத்துக்கும் அப்படியே செய்யலாமே என்று பிடித்துக்கொண்டார்கள். 1961-ல் ஆமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முன்னின்று ஐ.ஐ.எம். தொடங்கியபோது ஹார்வர்டு கைகொடுத்தது, கேஸ் முறையும் கூடவே கப்பலேறி வந்தது. அதே ஆண்டு தொடங்கிய கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்கு உதவியது எம்.ஐ.டி. நம் நாட்டின் மற்ற பிஸினஸ் ஸ்கூல்களெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் பார்த்துப் போட்ட கோலங்கள்தான்.

மார்க்கெட்டிங் என்றால் பிலிப் கோட்லர். 1967-ல் முதல் பதிப்பு வந்த அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாலே உடற்பயிற்சி முடிந்துவிடும். பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நாலு 'பி' எல்லோருக்கும் மனப்பாடம். அதைக் கோட்லர் சொன்னதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சொன்னவர் ஜெரோம் மெக்கார்த்தி, 1960-ல். பேர் வாங்குவதும் ஒரு மார்க்கெட்டிங்தான் போலிருக்கிறது! அதே 1960-ல் தியடோர் லெவிட் எழுதிய ஒரு கட்டுரைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்க ரயில் கம்பெனிகள் தாங்கள் ரயில் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள், ஆளை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது தங்கள் தொழில் என்று நினைக்கவில்லை, அதனால் காருக்கும் விமானத்துக்கும் வாடிக்கையை விட்டார்கள் என்பது சாரம். கோட்லரைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு கட்டுரையையாவது தேடிப் படியுங்கள்.

நம் ஊர்க் கேஸ் என்றால் நிர்மா. கர்சன்பாய் படேல் 1969-ல் குஜராத்தில் சலவைத் தூள் தயாரித்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய், சர்ஃபைவிடப் பல மடங்கு மலிவாக விற்ற கதை. அதை முடித்த அடுத்த வாரம் வந்தது சாஷே. அதாவது நம்ம பாக்கெட்.

அந்த வகுப்புக்கு மூல நூல் சி.கே. பிரகலாத் 2004-ல் வெளியிட்ட புத்தகம். பிரமிடின் அடித்தட்டில் இருக்கும் கோடிக்கணக்கான ஏழைகளிடம்தான் பெரிய சந்தை இருக்கிறது, அவர்களுக்கு ஏற்ற அளவிலும் விலையிலும் பொருள் கொடுத்தால் கம்பெனிக்கும் லாபம், அவர்களுக்கும் நல்லது என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஷாம்பு பாக்கெட்டும் ஒன்று. பிரகலாத் நம்மவர். 1941-ல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடில் வேலை பார்த்து, 1966-ல் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முதல் அணியில் தேறியவர். பிறகு ஹார்வர்டில் டாக்டர் பட்டம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. 2010-ல் மறைந்தார். அவர் புத்தகத்துக்கு எதிராக 2007-ல் காரசாரமாகக் கட்டுரை எழுதிய அனீல் கர்னானியும் அதே மிச்சிகன்தான்! ஒரே கட்டடத்து ஆட்கள். சின்னப் பாக்கெட் வசதியைத் தரலாம், அதனால் ஏழையின் வாங்கும் சக்தி கூடிவிடாது, போதாததற்குக் குப்பை வேறு என்றார் கர்னானி.

வகுப்பில் விவாதம் சூடு பிடித்தது. தில்லிப் பையன் ஒருவன் எழுந்து, ஏழையிடம் பாட்டில் வாங்கக் காசில்லை, ஆகவே சின்னதாக வாங்குகிறான், சின்னதாக வாங்குவதால் மில்லிக்கு அதிக விலை கொடுக்கிறான், வறுமைக்குக் கட்டும் அபராதம் இது என்றான். கைதட்டல். வாத்தியார் பலகையில் பெரிதாக எழுதினார். பிறகு வகுப்பைப் பார்த்து, "உங்களில் யாராவது இப்படிப்பட்ட கடையின் உள்ளே இருந்து பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும், அந்தக் கணக்கே தப்பு. நம் நாட்டில் பெரும்பாலும் பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு, பாட்டிலில்தான் கூடுதல். போட்டி முழுவதும் அந்த ஒரு ரூபாய்க்குள்ளேதான் நடக்கிறது. எங்கள் கடைக்கு எதிரே சலூன் வைத்திருந்த அண்ணன் மாதா மாதம் சரம் சரமாக வாங்கிப்போய், வெட்டி வெட்டிப் பழைய பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வார். இதைச் சொல்லியிருந்தால் அன்றைய மதிப்பெண் முழுக்க எனக்குத்தான். நான் கை தூக்கவில்லை. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அறிமுக நாளில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு "பிஸினஸ், ரீடெய்ல்" என்று சொல்லி வைத்திருந்தேன். இன்டர்வியூவிலும் அதே பதில். அட்டையில் பெரிசாக என் பெயர், அதன் பின்னால் நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது கேஸை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எதற்காக என்று இப்போதும் தெரியவில்லை, கொஞ்சம் பாவ மன்னிப்பு மாதிரி. கேட்டு முடித்ததும், "இதுல கடலூர் எங்கப்பா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். இந்தப் பாக்கெட்டின் மூலவர் எங்கள் ஊர்க்காரர், சின்னி கிருஷ்ணன். பவுடர் என்றால் தகர டப்பா என்றிருந்த காலத்தில் அதைச் சிறு பொட்டலங்களாகப் போட்டு விற்றவர். பேதி உப்பையும் அப்படியே ஐந்து கிராம் வரைக்கும் பொடிசாகப் பிரித்தார். பணக்காரன் வாங்குவதைக் கூலிக்காரரும் ரிக்ஷாக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவருடைய மகன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பொடியைப் போடலாம் என்றால் திரவத்தையும் போடலாமே என்பது அடுத்த யோசனை. அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் அதை வெல்வெட் ஷாம்பு என்று பெரிய அளவில் கொண்டுபோனார்கள். கோட்லர் புத்தகம் கடலூர் நூலகத்துக்கு வந்திருந்ததா, வந்திருந்தாலும் அவர் புரட்டியிருப்பாரா என்றெல்லாம் யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் கருத்து வேறுபாட்டால் வீட்டுத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். சீயக்காயும் சோப்பும் தவிர வேறு தெரியாத ஊர்களில் ஷாம்புவை விற்க வேண்டும். கிராமத்துக்குப் போய், ஒரு பையனை உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் தலை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார், மோந்து பார் என்று சொல்லி விற்றார்கள். ரஜினி படம் போட்டு, நடுவே விளம்பரம் காட்டி, பார்க்க வந்தவர்களுக்குப் பாக்கெட் கொடுத்தார்கள். இதெல்லாம் அவரே சொன்னவை.

எல்லாவற்றையும் விடக் கெட்டிக்காரத்தனம் காலிப் பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து காலி உறையைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச காலம் கழித்து, சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். முதல் கட்டத்தில் எதிரியின் வாடிக்கையாளர் வீடு தேடி வந்துவிட்டார், இரண்டாவது கட்டத்தில் அவர் வெளியே போகாமல் கதவைச் சாத்தியாயிற்று. இதை ஒரு பாடமாக வைத்தே ஒரு பருவம் நடத்தலாம். அப்பாவுக்கு அந்தத் திட்டம் நன்றாக நினைவிருந்தது. "பசங்க குளத்தங்கரை, பம்புசெட்டுன்னு ஒரு இடம் விடாம பொறுக்கிட்டு வருவானுங்க. ஈரத்தோட கொண்டாந்து கல்லாப்பெட்டி மேல வைப்பானுங்க. எண்ணி எண்ணி என் கையெல்லாம் வழவழன்னு ஆயிடும்" என்றார்.

கம்பெனியின் பெயர் 1990-ல் பியூட்டி காஸ்மெடிக்ஸ், 1998-ல் கெவின்கேர் என்று மாறியது. அதில் ஒளிந்திருப்பது நம் 'கவின்' என்ற சொல்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிதாக வரும் இரண்டு எழுத்துகள் சின்னி கிருஷ்ணனின் தலையெழுத்துகள். இதற்குள் ஹிந்துஸ்தான் லீவர் முதலான பெரிய கம்பெனிகளும் பாக்கெட்டுக்கு இறங்கி வந்துவிட்டன. சிக் 50 காசுக்கும் வந்தது. இன்று நாட்டில் விற்கும் ஷாம்புவில் பெரும்பகுதி பாக்கெட்தான்.

அப்பா அன்று ராத்திரி கேஸில் இன்னும் சில திருத்தங்கள் சொன்னார். காசில்லாததால்தான் சின்னதாக வாங்குகிறார்கள் என்பதை அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "வியாழக்கிழமை ராத்திரிதான் ஷாம்பு ஓடும், ஏன்னா மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஆம்பளைங்க வாங்குவாங்க, எண்ணெய் முழுக்கு, அன்னிக்குக் கூலியும் கைக்கு வரும். வாரத்துக்கு ஒரு தடவை தேய்க்கிறதுக்கு எதுக்குப் பாட்டில்? பாட்டில் வாங்கி வச்சா வந்தவன் போனவன் எல்லாம் கவிழ்ப்பான்" என்றார். அரிசிக்கும் எண்ணெய்க்கும் கடன் நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்கு இருந்தது, ஷாம்புவுக்கு ஒரு வரி கூட இல்லை. "ஒரு ரூபாய்க்குக் கடன் சொல்ல யாருக்கும் வாய் வராதுப்பா." சில்லறை இல்லாதபோது மீதிக் காசுக்குப் பதிலாகவும் அவர் பாக்கெட்டைத்தான் கிழித்துக் கொடுப்பார்.

பின்னால் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. 2009-ல் வெளியானது, தமிழில் சொன்னால் ஏழைகளின் முதலீட்டுப் பட்டியல் என்று பெயர் வரும். இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் ஏழைக் குடும்பங்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து வரவு செலவை எழுதி வாங்கியிருக்கிறார்கள். வருமானம் குறைவு என்பதோடு, அது ஒழுங்கான நாளில் வராததும்தான் பெரிய தொல்லை என்று அதில் காட்டியிருந்தார்கள். அப்பா சனிக்கிழமைக் கூலி என்று சொன்னபோது நான் தலையாட்டிவிட்டு விட்டிருந்தேன். அச்சில் பார்த்ததும்தான் மரியாதை வந்தது. படித்தவன் புத்தி!

இஞ்சினியர் என்ற முறையில் பாக்கெட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. வெளியே அச்சிட்ட பாலியெஸ்டர், நடுவில் அலுமினியம் அல்லது உலோகப் பூச்சு, உள்ளே சூட்டில் உருகி ஒட்டும் பாலிதீன், இப்படி மூன்று படலத்தைச் சேர்த்து ஒட்டிய சுருள் மேலிருந்து இறங்கும். இயந்திரம் அதைக் குழாயாக மடித்து, பக்கவாட்டையும் அடியையும் ஒட்டி, ஷாம்புவை ஊற்றி, தலையை ஒட்டும். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டு ஷாம்பு பட்டால் போச்சு, ஒழுகும். அந்த ஒரு சொட்டோடு நான் இரண்டு வருஷம் மல்லுக்கட்டினேன்.

அந்த உழைப்பின் பலனை 2011 டிசம்பர் 30 அன்று கண்ணால் பார்த்தேன். தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட நாள். லீவு போட்டு ஓடி வந்தால் கடைக்குக் கூரை இல்லை. அரிசி ஊறிப் போச்சு, பிஸ்கட் கூழாகிவிட்டது, கடன் நோட்டுகள் மை கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே அழிந்துவிட்டது. தெருச் சேற்றிலிருந்து சரங்களைப் பொறுக்கி, கழுவி, துணியால் துடைத்தோம். ஒன்று கூட ஒழுகவில்லை. மறுபடி கடை போட்டபோது முதலில் விற்றது அவைதான்.

அதே சேற்றில், என்றோ யாரோ தேய்த்துவிட்டு வீசிய காலி உறைகளும் கிடந்தன, அச்சு மங்காமல். மூன்று படலமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் ஒழுகாமல் இருக்கிறது, அதனாலேயே பிரித்து மறுசுழற்சி செய்யவும் முடிவதில்லை. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு வருஷத்தில் ஒழிப்பதாக 2016 மத்திய விதிகள் சொன்னன. எரித்துச் சூடு எடுக்க முடியும் என்றாலும் சரி, வேறு எதற்காவது ஆகும் என்றாலும் சரி, விலக்கு உண்டு என்று 2018 திருத்தம் அதைத் தளர்த்திவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கடைப் பைகளுக்குத் தடை வந்தது. சரம் அப்படியே தொங்கியது. "பை வேணாங்கிறாங்க, பைக்குள்ள போறது இருக்கட்டுங்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே அப்பா பழைய பேப்பரில் பொட்டலம் மடித்தார். காலி உறைக்கு அன்று ஐந்துக்கு ஒன்று கொடுத்தபோது ஊரில் ஒரு உறை கூடக் குப்பையில் மிஞ்சவில்லையே, மறுபடி ஏன் செய்யக்கூடாது என்பது அவர் கேள்வி. தொழில் நண்பர்கள் கூட்டங்களில் இதை மூன்று முறை கேட்டிருக்கிறேன். வாங்கிச் சேர்த்து வைத்து என்ன செய்வது என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதற்கு என்னிடமும் விடை இல்லை. படலங்களை ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்யும் சோதனைகளில்தான் இப்போது வேலை பார்க்கிறேன். ஒட்டும் சூடு இன்னும் சரியாக அமையவில்லை.

கால் வலி தாங்காமல் அப்பா 2021-ல் கடையை மூடிவிட்டார். போன வருஷம் நான் படித்த பிஸினஸ் ஸ்கூலிலிருந்து பழைய மாணவன் என்று பேசக் கூப்பிட்டார்கள். எங்கப்பா கடலூரில் பெட்டிக்கடை வைத்திருந்தார் என்றுதான் ஆரம்பித்தேன். சலூன் அண்ணன் கதையையும் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, தன் வீட்டிலும் கடை உண்டு, விருதுநகர்ப் பக்கம் என்றாள்.

தானே புயலில் தப்பியது ஒரே ஒரு நோட்டு, 1996-ஆம் வருஷத்துது. அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் வைத்திருந்ததால் பிழைத்தது. நம் கல்லூரியில் கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் உண்டு. உங்கள் வீட்டிலும் கடை இருந்திருந்தால் பழைய கணக்கு நோட்டுகளைப் பேப்பர்க்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். சந்திப்பு அன்று கொண்டு வாருங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து புரட்டலாம். நான் எங்கள் 1996 நோட்டை எடுத்து வருகிறேன். அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், மேடைப் பக்கம் மட்டும் கூப்பிட வேண்டாமாம்.